வடக்குச் சுவரின் ஐந்து கற்கள்

1

“எங்க நின்னு எழுதுன, பாப்பா?”

போன வைகாசியில் ஒருவர் அவளைக் கேட்ட கேள்வி இது. கேட்டவர் வரதராஜன்பேட்டைக் கொத்தனார் சவரியார். கேட்கப்பட்டவள் புஷ்பவல்லி, வயது பதினாறு, கோயில் தர்மகர்த்தா முத்துசாமியின் மகள். அவள் வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினாள். காட்டிய இடம் பொய்.

இந்தக் கதை அந்தப் பொய்யிலிருந்துதான் வந்தது. கனவிலிருந்து வந்தது, கல்வெட்டிலிருந்து வந்தது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் களைப்பாக இருக்கிறது. ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு ஆறு மாதம் நடந்தவளுக்கு இன்னொன்றையும் தூக்கத் தெம்பு இல்லை.

இதை எழுதுகிறவளும் புஷ்பவல்லிதான். மறைத்துப் பயனில்லை. ஆனாலும் ‘நான்’ என்று எழுதக் கை வரவில்லை. மூன்று தடவை அப்படி ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்தாயிற்று. யுத்த காலத்தில் தாள் கிடைக்கிற லட்சணத்துக்கு அது பெரிய பாவம். ‘அவள்’ என்று போட்டால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. நோட்டு யார் கையிலாவது அகப்பட்டாலும், ஏதோ கதை என்று நினைத்துக்கொள்வார்கள்.

(அகப்படாது. முந்திரிக்கொட்டை மூட்டைக்கு அடியில் இருக்கிறது. கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்று வீட்டில் யாரும் அந்த மூலைக்குக் கை நீட்டுவதில்லை.)

ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. ஜெயங்கொண்டத்துக்கும் ஆண்டிமடத்துக்கும் நடுவில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் கோயிலைச் சொல்லித்தான் ஆரம்பித்தாள். அந்த ஆரம்பம் இப்படி இருந்தது:

“சோழர் காலத்தில் எழுந்த இந்தச் சிவாலயம், விண்ணை முட்டும் விமானத்தோடும்……”

விண்ணை முட்டவில்லை. பக்கத்துத் தென்னையில் பாதிகூட இல்லை. இரண்டாவது ஆரம்பம்:

“ஓர் அரச வேர் கல்லுக்குள் நுழைய நூறு வருஷம் ஆகிறது. அதை வெளியே எடுக்க……”

இது பரவாயில்லை. ஆனால் அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

கோயில் சிறியது. கருவறை, அதற்கு முன்னால் அர்த்தமண்டபம், அதற்கும் முன்னால் தூண்கள் சாய்ந்த ஒரு மண்டபம். வெயிலில் வருகிறவர் மண்டபத்தில் கண் இருண்டு நிற்பார். அர்த்தமண்டபத்தில் கண் பழகும். கருவறை வாசலுக்கு வந்தால் விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது. கட்டியவர்கள் நினைத்துத்தான் அப்படிக் கட்டியிருக்க வேண்டும். அடிக்கு அடி வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் ஆளை ஒரு சுடருக்கு முன்னால் தனியாக நிறுத்திவிடுகிறார்கள். கருவறைக்கு ஜன்னல் கிடையாது. கரு இருக்கிற இடத்துக்கு ஜன்னல் எதற்கு?

வெளிச்சுவரில் மூன்று மாடங்கள். தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவர், வடக்கே பிரம்மா. வலம் வரும்போது இந்த வரிசையில்தான் பார்ப்போம். பிரம்மாவுக்குக் கீழே கோமுகி, மாட்டு முகம் மாதிரி செதுக்கிய கல் தூம்பு. உள்ளே சுவாமிமேல் ஊற்றிய தண்ணீர் வெளியே வர அது ஒன்றுதான் வழி. அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்வார்கள், தாண்ட மாட்டார்கள். வேறு எந்த இடுக்கிலாவது அது கசிந்தால் அந்த வருஷம் ஏரி நிரம்பாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. அதிட்டானத்தில், அதாவது சுவரின் அடிவரிசையில், பழைய எழுத்து ஓடுகிறது. யாரோ ஒரு பெண் அணையாத நந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூறு ஆடு கொடுத்த செய்தி.

அரச வேர் புகுந்தது வடக்குச் சுவரில். கோமுகி இருக்கிற சுவர்.

3

ஸ்தபதி கும்பகோணத்துக்காரர். வந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், பிரித்து வேரை எடுத்துவிட்டு அதே கல்லை அதே இடத்தில் திரும்ப அடுக்க வேண்டும் என்றார். பிரிக்கும் முன் ஒவ்வொரு கல்லின் மேல்முகத்திலும் காவியால் எண் எழுத வேண்டும். எத்தனையாவது வரி, அந்த வரியில் எத்தனையாவது கல். வெளியே நின்று, சுவரைப் பார்த்தபடி, இடமிருந்து வலமாக எழுத வேண்டும். திரும்ப அடுக்கும்போது அடுத்த வரி மேலே ஏறியதும் எண் மறைந்துவிடும். சுவருக்குள்ளேயே கிடக்கும். போகும்போது, “எண்ணை நம்புங்க, கண்ணை நம்பாதீங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதைச் சத்தியவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

எண் எழுத வேண்டிய கணக்குப்பிள்ளை பட்டாளத்துக்குப் போய்விட்டான். சவரியாருக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது. அவருக்குக் கல் தூக்குகிற வேலையே சரியாக இருந்தது. ஏழாவது படிக்கும்போது பெரியவளானதால் பள்ளிக்கூடம் நின்றுபோன பெண் ஒருத்தி வீட்டில் இருப்பது அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. அவள் கையெழுத்துக் குண்டு குண்டாக இருக்கும். ரெண்டு நாள் வேலைதான், போய் எழுதிக் குடுத்துட்டு வா என்றார். வேலை பன்னிரண்டு நாள் நடந்தது.

இரண்டரை வருஷத்தில் அவள் தினமும் வாசல் தாண்டிய நாட்கள் அந்தப் பன்னிரண்டுதான். இதை இங்கே எழுதியே ஆக வேண்டும். பின்னால் வருகிற முட்டாள்தனத்துக்கு வேறு காரணம் இல்லை.

கோயிலில் அப்போது பாலாலயம்.*

* திருப்பணி தொடங்கும் முன் சுவாமியின் சக்தியைக் குடத்து நீரில் இறக்கி, அத்திப்பலகையில் எழுதிய உருவத்துக்கு மாற்றி, ஓரமாக வைத்துப் பூஜை செய்வார்கள். அதன் பிறகு கருவறையில் இருப்பது வெறும் கல். கொத்தனார் உள்ளே போகலாம், சுண்ணாம்புக் கூடைக்காரி போகலாம். கும்பாபிஷேகம் ஆனதும் அதே ஆட்களுக்கு அதே வாசல் அடைபட்டுவிடும். மற்ற நாளில் மதில் வாசலைத் தாண்ட விடப்படாத கூடைக்காரி ஆண்டாயி, அந்த ஆறு மாதம் கருவறைக்குள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூடையோடு போய்வந்தாள். சவரியார் சொல்வார்: “வூட்டுக்காரரு வெளியூரு போயிருக்காரு. அவரு திரும்பறத்துக்குள்ள வெள்ளையடிச்சிட்டு நாம கௌம்பிடணும்.” குருக்களே சிரித்துவிட்டார்.

4

அன்று மாசி மாதம், புதன்கிழமை. சவரியார் வேலைக்கு வரவில்லை. அவர்கள் கிறிஸ்தவ வேதத்தில் அன்று விபூதிப் புதன். பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்கள் மட்டும் வந்திருந்தார்கள். மீதி இருந்தது கடைசி வரி, கருவறைத் தரையோடு ஒட்டிய எழுத்து வரி. ஐந்தே கற்கள்.

மேல் வரிகளின் கற்களெல்லாம் வெளியே குவிந்து கிடந்ததால் சுவரை நெருங்க முடியவில்லை. அவள் காவிச் சட்டியை எடுத்துக்கொண்டு சுற்றிப் போய், அர்த்தமண்டபத்தைத் தாண்டி, கருவறைக்குள்……

அன்று அவள்……

அன்று அவளுக்கு……

(இந்த வரி மூன்று நாளாக இப்படியே நிற்கிறது. நீங்கள் மேலே போங்கள். பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறாள்.)

உள்ளே வெயில் கிடந்தது. எத்தனையோ நூறு வருஷமாக வெயிலே படாத தரை. எண்ணெய் ஊறிய கல் சூடேறி, பழைய நெய் வாடை வந்தது. வடக்குச் சுவர் இருந்த இடம் முழங்கால் உயரத்துக்கு மேல் திறந்து கிடந்தது. ஆவுடையார் ஓரமாக முதுகை ஒட்டி நின்றால் புளியமரம் தெரிந்தது, ஏரிக்கரை தெரிந்தது, சுண்ணாம்பு அரைக்கிற செக்கு தெரிந்தது, கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆண்டாயி தெரிந்தாள்.

“என்னா ஆயி, சாமி பக்கத்துல போயி நின்னுக்கிட்ட?” என்றாள் ஆண்டாயி. “அங்கேருந்து பாத்தா எங்க கஷ்டம் தெரியுதா?”

“தெரியுது” என்றாள் அவள்.

“தெரிஞ்சா சரி. அவரு ஒரு நாளும் தெரியுதுன்னு சொன்னதில்ல.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. சிரித்துக்கொண்டே குனிந்து, தன் இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எழுதி முடித்தாள். சாயங்காலத்துக்குள் ஆட்கள் ஐந்து கல்லையும் நெம்பி எடுத்துப் போய்விட்டார்கள்.

உள்ளே நிற்பவரின் இடப்பக்கம் வெளியே நிற்பவரின் வலப்பக்கம். இதைத் தெரிந்துகொள்ள ஏழாம் வகுப்புகூட வேண்டாம்.

5

அன்று அவளுக்கு மூன்றாம் நாள்.

எழுதியாயிற்று. எழுதிப் பார்த்தால் நாலே வார்த்தைதான்.

வீட்டில் சொல்லியிருந்தால் கொல்லைப்புறம் தனிக் கீற்றுக் கொட்டகையில் உட்கார வைத்திருப்பார்கள். எண் எழுத வேறு யாரையாவது பிடித்திருப்பார்கள். பன்னிரண்டு நாள் ஒன்பது நாளாகியிருக்கும். அதனால் அம்மாவிடம் சொல்லவில்லை. சுவாமி அங்கே இல்லை, பலகைக்குப் போய்விட்டார் என்று தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டாள். ஆனாலும், சுவாமி இல்லாத இடத்தில் நிற்கிறோம் என்று ஒரு நிமிஷம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் சங்கடம்.

வைகாசியில் சுவர் ஏற ஆரம்பித்தது. கடைசி வரிதான் இப்போது முதல் வரி. சவரியார் ஒன்றாம் எண் கல்லைத் தூக்கி வைத்தார். வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். மறுபடி உட்கார்ந்து, அடிக்கற்கள் ஒன்றோடொன்று சேரும் பொருத்துவாய்மேல் விரலை வைத்துப் பார்த்தார். கல்மேல் கல் வைக்கும்போது மேல்பொருத்தும் கீழ்ப்பொருத்தும் ஒரே நேரில் வரக் கூடாது. வந்தால் சுவருக்கு உள்ளே ஒரு வழி திறந்த மாதிரி. இந்த வரிசையில் அது வரும்போல அவர் கைக்குத் தோன்றியிருக்கிறது. ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டார். அம்மா கூடவே வந்தாள்.

“எங்க நின்னு எழுதுன, பாப்பா?” என்றார். “வெளியவா, உள்ளயா?”

அம்மா பக்கத்தில் நின்றாள். புஷ்பவல்லி கையை நீட்டி வெளியே காட்டினாள்.

சவரியார் அந்த இடத்தைப் பார்த்தார். மாசியில் அங்கே கல் குவிந்து கிடந்தது அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“அப்பச் சரி” என்றார்.

ஆட்களிடம் திரும்பி, மனசு ஒப்பவில்லை, ஆனால் எண் அப்படித்தான் சொல்கிறது, வையுங்கள் என்றார். ஐந்து கல்லில் நடுக்கல் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் மூன்றாவதுதான். கோமுகி செதுக்கிய கல் அதுதான். அது சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டதால் பார்க்கிறவர் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

6

தாரண வருஷம் ஆவணியில் கும்பாபிஷேகம். அதற்குப் பதினொரு நாள் இருக்கையில், தரை வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவறைக்குள் நூற்றெட்டுக் குடம் தண்ணீர் ஊற்றினார்கள். கோமுகியில் தண்ணீர் கொட்டியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கோமுகிக்கு நாலு முழம் தள்ளி, இரண்டு கல்லுக்கு நடுவே, ஒரு கோடு ஈரமாயிற்று. பிறகு சொட்டியது. பிறகு வழிந்தது.

ஜெயங்கொண்டத்துத் தமிழ் வாத்தியார் அன்று வந்திருந்தார். முன்னொரு காலத்தில் அந்த எழுத்துகளை ஒரு தாளில் பார்த்து எழுதி வைத்தவர் அவர். தாளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசிக் கல் முதலில் இருக்கிறது என்றார். இப்போது படித்தால் தொண்ணூறு ஆடு சேர்ந்து ஒரு பெண்ணைத் தானமாகக் கொடுத்ததாக வருகிறது என்றார். யாரும் சிரிக்கவில்லை.

திருப்பணிக் கமிட்டியில் பழனிவேல் என்று ஒருவர். தன் மச்சினனுக்கு இந்த வேலை கிடைக்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு.

“சாமி இல்லாத நேரம் பாத்து வேதக்காரனை உள்ள வுட்டா அவன் வேற என்ன பண்ணுவான்?” என்றார் அவர். “வேணும்னே மாத்தி வச்சிருக்கான்.”

(கிறிஸ்தவர்களை அந்தப் பக்கத்தில் வேதக்காரர் என்பார்கள். அதுவரை அந்தச் சொல்லில் வசவு இருந்ததாக அவளுக்குத் தெரியாது.)

“எண்ணுப்படி வச்சேங்க” என்றார் சவரியார்.

“எண்ணு தப்பா இருக்காது” என்றார் அப்பா. “எழுதுனது எம் பொண்ணு.”

சவரியார் திரும்பிப் பார்த்தார். அவள் தூணோரம் பெண்களோடு நின்றிருந்தாள். ஆண்டாயி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதிலோரம் நின்றிருந்தாள். விஷயம் தெரிந்தவர்கள் அந்த மூன்று பேர்தான். மேல் வரிகளை இறக்கி அந்த எண்களைப் பார்த்தால் மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். இறக்க நாள் இல்லை. “எண்ணு எழுதுன பொண்ணைக் கேளுங்க” என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பொருத்துவாயில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து இடித்த சுண்ணாம்பை அடைத்தார்கள். கசிவு நின்றது. கும்பாபிஷேகத்தன்று கொத்தனாருக்குத் தலையில் பட்டுக் கட்டி மேளத்தோடு ஊரைச் சுற்றி அழைத்து வருவது வழக்கம். சவரியாரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பட்டு பழனிவேலின் மச்சினன் தலைக்குப் போயிற்று.

இத்தோடு போனால் கதை எழுத வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது, இன்னும் சொட்டு மழை இல்லை. தண்ணீர் வழி மாறியதால்தான் ஏரி நிரம்பவில்லை என்று ஊர் பேசுகிறது. சவரியாரின் பெயரைச் சொல்லித்தான் பேசுகிறது.

7

எழுதுகிறவளுக்குச் சவரியார்மேல் ஒரு சந்தேகம்.

அவர் அளவுக்கு மீறி நல்லவராக வருகிறார். பொய்யைக் கேட்டும் பேசாமல் இருக்கிறார், பழியை வாங்கிக்கொண்டும் பேசாமல் இருக்கிறார். இப்படி ஒருவரை எழுதிவிட்டால் படிக்கிறவர்கள் அவருக்காகக் கண் கலங்கிவிட்டு, அவளை மன்னித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் அவரைக் கொஞ்சம் கெடுத்துப் பார்த்தாள். கள் குடிப்பார் என்று எழுதினாள். அது உண்மைதான். வேலையாட்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார் என்று எழுதினாள். அதுவும் உண்மை, ஆண்டாயியை ஒரு நாள் அழவே வைத்தார். ஆனாலும் அந்தச் சாயங்காலம் அவர் ஏன் பேசவில்லை என்பதற்கு இது எதுவும் காரணமாகவில்லை.

தர்மகர்த்தா மகளைப் பொய்க்காரி என்று ஒரு கூலிக் கொத்தனார் நாலு பேர் முன்னால் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். அந்தப் பெண் உள்ளே நின்றதை மறைக்கிறாள் என்றால் அதற்கு எப்படிப்பட்ட காரணம் இருக்கும் என்றும், இரண்டு பெண் பெற்றவர், ஊகித்திருக்கலாம். வெறுமனே அலுத்துப்போயிருக்கலாம். மூன்றையும் எழுதி வைக்கிறாள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை சவரியாரின் மனைவி மரிய புஷ்பம் வந்தாள். கொல்லை வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். அழவில்லை, கும்பிடவில்லை. ஆண்டிமடம் பக்கம் ஒரு பிள்ளையார் கோயிலுக்குப் பேசியிருந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றாள். தங்கள் ஜனங்களே, கல்லை மாற்றி வைத்தவனாமே என்று யோசிக்கிறார்கள் என்றாள். இப்போது அவர் சாலைக்கு ஜல்லி உடைக்கிறார். முப்பது வருஷம் கல்லைச் சேர்த்து வைத்தவர்.

“எங்க வூட்டுக்காரருக்குக் கைநாட்டு மட்டுந்தாங்க தெரியும்” என்றாள். “வேணும்னே எழுத்தை மாத்தி வச்சாருங்கிறீங்க. எழுத்து தெரிஞ்சவந்தானேங்க அதை மாத்த முடியும்?”

விசாரிக்கிறேன் என்று மட்டும் சொன்னார் அப்பா. அவள் போன பிறகு வெகுநேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். புஷ்பவல்லி உள்ளே முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனித் தோல் உரிந்திருந்தது.

8

கதைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தாள்.

அ. பஞ்சாயத்துக் கூடியிருக்கிறது. புஷ்பவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் வந்து நிற்கிறாள். “பெரியோர்களே, குற்றம் என்னுடையது. சுவாமி நின்ற இடத்தில் நின்று……” பேச்சு ஒன்றரைப் பக்கம் போகிறது, நன்றாகவே வந்திருக்கிறது. அவ்வளவு நன்றாகப் பேசுகிறவள் எதற்காக மூட்டைக்கு அடியில் நோட்டு வைத்திருக்கப் போகிறாள்? நிறுத்திவிட்டாள்.

ஆ. நூறு வருஷம் கழித்து வேறொரு வேர். வேறு யாரோ சுவரைப் பிரிக்கிறார்கள். ஐந்து கல்லின் தலையிலும் காவி எண் அழியாமல் இருக்கிறது. கொத்தனார் எண்ணுப்படிதான் வைத்திருக்கிறார், எழுதியவர்தான் உள்ளே நின்று எழுதிவிட்டார் என்று ஒரு புத்திசாலி கண்டுபிடிக்கிறார். அழகான முடிவு. நியாயம் வந்து சேரும்போது அதை வாங்கிக்கொள்ள ஆள் இருக்க மாட்டார், அவ்வளவுதான் குறை.

இ. ஆண்டாயி சொல்லிவிடுகிறாள். “நான் கண்ணால பாத்தேங்க, ஆயி உள்ள நின்னுதான்……” இதை இரண்டு வரிக்கு மேல் எழுத வெட்கமாக இருந்தது. தன் சுமையையும் ஆண்டாயி தலையில் ஏற்றுகிற முடிவு இது. ஆண்டாயி சுமந்தது போதும்.

நாலாவதாக ஒன்று எழுதத் தோன்றவில்லை. தோன்றினாலும் அது இன்னொரு கதையாகத்தான் இருக்கும். சவரியார் ஜல்லி உடைத்துக்கொண்டுதான் இருப்பார். கோயிலைப் பற்றி, சுவரைப் பற்றி, தன்னைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகும் வெளியே ஒரு கல்லும் நகரவில்லை.

பேச முடியாதவள் பேசப் போவதில்லை. ஆனால் எழுதியதை எடுத்து ஓர் இடத்தில் வைக்கலாம். நாளை மத்தியானம் அப்பா சாப்பிட்டு உட்காருகிற பலகைமேல் இந்த நோட்டை வைக்கப் போகிறாள்.

9

மேலே இருக்கிற எட்டும் அப்பா படித்தவை. இது அவர் படிக்காதது.

காலையிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. இந்த வருஷத்து முதல் மழை. கதைக்காக வரவழைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். கதைக்கு இதனால் உபயோகம் ஒன்றும் இல்லை. ஏரி நிரம்பினாலும் ஊர் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

அப்பா பலகையில் உட்கார்ந்து நோட்டை எடுத்தார். அவருக்கு மனசுக்குள் படிக்க வராது. வரியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு, மெல்லிய குரலில் வாய்விட்டுத்தான் படிப்பார். “என்னாடி இது, கதையா?” என்றார். அவள் முந்திரிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, சத்தமாகப் படிங்க, நானும் கேக்கறேன் என்றாள்.

படித்தார். முதல் பக்கத்துப் பெயர்களையும் பொய்யையும் கதைக்காக வைத்ததாகவே இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள். அவள் தட்டுத் தடுமாறி எழுதிய வரிகள் அப்பாவின் குரலில் வரும்போது, யாரோ எழுதியவை மாதிரி இருந்தன. கரு இருக்கிற இடத்துக்கு ஜன்னல் எதற்கு என்ற வரியில் நின்று தலையை ஆட்டினார். ஆண்டாயி பேச்சு வந்ததும் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். ஐந்தாவது பாகத்தின் முதல் வரியில் முதல் இரண்டு சொற்களைப் படித்தார். அடுத்த இரண்டைப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“ஏங்க நிறுத்திட்டீங்க?” என்றாள் அம்மா.

அதன் பிறகு முழுவதையும் சத்தமில்லாமல் படித்தார். மனசுக்குள் படிக்க அவருக்கு வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. விரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ‘எழுதுனது எம் பொண்ணு’ என்ற இடத்தில் விரல் நின்றது. மழைச் சத்தத்தில் அம்மா இன்னும் இரண்டு தடவை கேட்டாள். பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டு, மகளையே பார்க்க ஆரம்பித்தாள்.

இதற்கு மேல் அவளால் எழுத முடியாது. களைப்பு ஒரு காரணம். இன்னொன்று, இனி வருவது அவள் கையில் இல்லை. அப்பா ஊரைக் கூட்டிச் சொன்னால் சவரியாரின் பேர் திரும்பும். மகளின் பேர் போகும். கோயிலில் மறுபடி சாந்தி செய்ய வேண்டும், தர்மகர்த்தா பட்டமும் நிற்காது. சொல்லாவிட்டால் எல்லாம் இப்படியே இருக்கும், வரதராஜன்பேட்டையில் ஒரு வீட்டைத் தவிர. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர் என்ன செய்வார் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தெருவில் இறங்கிக் கிழக்கே போனால் கோயில். மேற்கே போனால் வரதராஜன்பேட்டைச் சாலை. நேரே போனால் வயல், முதல் மழைக்கு மடை பார்க்கப் போகிறவர்களும் உண்டு. அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

அப்பா கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தார். நோட்டை மூடி, ஈரம் படாத இடமாகப் பார்த்து, தூணை ஒட்டி வைத்தார். கொடியிலிருந்து துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அம்மாவையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. மழையில் படியிறங்கிப் போனார்.